எட்டு வருசம் பிடிச்சாங்களே, அப்புறம் ஏன் வரலை?

திருப்பூரில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸ் எங்களுடையது. பனியன் கம்பெனிகளுக்கு மாதாமாதம் ரிட்டர்ன் போடுவதுதான் பிழைப்பு. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் படியேறி வருகிறவர்கள் கம்பெனிக்காரர்கள் இல்லை, அன்றைக்குச் சம்பளம் வாங்கியவர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு, ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்திய கம்பெனிகளிலிருந்து வருகிறவர்கள் கூடினார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “வேலை போனா ஈ.எஸ்.ஐ.ல காசு தர்றாங்களாமே, எனக்கு வருமா?”

தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். குழந்தைக்காகவோ, படுத்துவிட்ட மாமியாருக்காகவோ, தன் உடம்புக்காகவோ நடுவில் நின்றுவிட்டுத் திரும்ப வந்தவர்களுக்குத்தான் அரை மணி நேரம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவு அவர்களுக்கு.

முதலில் ஒரு கசப்பான விஷயம். உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்று பிடித்த பணம் உங்கள் பெயரில் எங்கேயும் சேர்ந்து கிடக்கவில்லை. பி.எஃப். சேர்ந்திருக்கும், அது உங்கள் பணம். ஈ.எஸ்.ஐ. அப்படி இல்லை, அது காப்பீடு. 15,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்களிடம் 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய் பிடிக்கிறார்கள். கம்பெனி தன் பங்குக்கு 3.25 சதவீதம், 488 ரூபாய் கட்டுகிறது. 2019 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம். மாதம் அறுநூறு ரூபாய் போய்க்கொண்டிருக்கும்வரை உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு, பிரசவ உதவி உண்டு, வேலை போனாலும் கொஞ்சம் உண்டு. நின்றுவிட்டால், கட்டிய பழைய வருடங்களைக் காட்டிக் கேட்பது போன வருச பஸ் பாஸைக் கண்டக்டரிடம் நீட்டுவது மாதிரிதான்.

வேலை போனதற்குத் தருகிற திட்டத்தின் பெயர் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. கிளை அலுவலகத்தில் அந்தப் பெயரை முழுசாகச் சொல்ல வேண்டாம், ‘அடல் திட்டம்’ என்றாலே புரிந்துகொள்வார்கள். 2018 ஜூலை 1 முதல் இரண்டு வருடம் நடத்திப் பார்க்கலாம் என்று தொடங்கி, பிறகு நீட்டித்து நீட்டித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் விண்ணப்பிக்கிற அன்றைக்குத் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஆரம்பத்தில் சராசரி தினக் கூலியில் 25 சதவீதம்தான் கொடுத்தார்கள், அதுவும் வேலை போய் மூன்று மாதம் கழித்து. கொரோனாவில் ஊரே முடங்கியபோது, 2020-இல், அதை 50 சதவீதம் ஆக்கி, 30 நாள் கழித்தே கேட்கலாம் என்று தளர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாளுக்குத்தான் தருவார்கள், வாழ்நாளில் ஒருமுறை.

இப்போது தகுதிக்கு வருவோம். வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் ஈ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சம்பளம் வாங்கிப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த இரண்டு வருடத்துக்குள் வரும் மீதி மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஆறு மாதம்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நீங்கள் எந்தத் தேதியில் சேர்ந்திருந்தாலும் இந்தக் கட்டம் மாறாது.

தளர்த்துவதற்கு முன் நான்கு காலத்திலும் தலா 78 நாள் கேட்டார்கள். ஒரே ஒரு அரையாண்டு காலியாக இருந்தாலும் கதை முடிந்தது. இப்போது நான்கில் இரண்டு காலியாக இருக்கலாம். கொரோனாவுக்காகச் செய்த தளர்வுதான், இடைவெளி எடுத்தவர்களை நினைத்துச் செய்ததில்லை. ஆனாலும் அதிகம் பலன் பெறக்கூடியவர்கள் அவர்கள்தான். என்ன, அவர்களில் பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

78 என்ற எண்ணை ஏன் பிடித்தார்கள் என்று நான் ஆராயப் போகவில்லை. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 78 சரியாக வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையும் சம்பள நாளாக ரிட்டர்னில் ஏறும். ஷிப்ட் கணக்கில் வாங்குகிற நம் பவர் டேபிள் டெய்லருக்கும் செக்கிங் அக்காவுக்கும் ஞாயிறு ஏறாது. அவர்களுக்கு 78 நாள் என்றால் மூன்று மாதம் ஒரு நாள்கூட மட்டம் போடாமல் வந்திருக்க வேண்டும்.

ஒரு அக்கா வந்தார். ஒரே கம்பெனியில் எட்டு வருடம் செக்கிங். மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் வீட்டோடு இருந்திருக்கிறார். மாமியார் காலமான பிறகு, ஜூன் மாதம் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். அக்டோபரில் ஆர்டர் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவருடைய இன்சூரன்ஸ் நம்பரைப் போட்டுத் திரையைத் திறந்தால் ஏப்ரல்–செப்டம்பர் கட்டத்தில் நாள் இருக்கிறது. அதற்கு முந்தைய மூன்று கட்டமும் வெறும் சைபர்.

“ஏனுங் தம்பி, எட்டு வருசம் நல்லநாள் பொல்லாநாள்னு பார்க்காம போனேன். அதெல்லாம் கணக்குல வராதுங்களா?”

“வராதுங்க்கா. அவங்க பார்க்கறது கடைசி ரெண்டு வருசம்தான்.”

“அந்த ரெண்டு வருசம் நான் என்ன சும்மாவா உக்காந்திருந்தேன்? ரெண்டு பேரு வேலைய ஒருத்தியா பார்த்தேன்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. திட்டத்திடமும் இல்லை. பதினெட்டு வயதில் மில் கேட்டுக்குள் நுழைந்து ஐம்பத்தெட்டில் மாலை போட்டுக்கொண்டு வெளியே வருகிற ஓர் ஆண் தொழிலாளியை மனதில் வைத்து எழுதிய விதி இது என்பது என் கட்சி. நடுவில் நிற்பதை அது விபத்தாகப் பார்க்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கோ நடுவில் நிற்பதுதான் வழக்கம்.

இதே அக்கா ஜூனுக்குப் பதிலாக அந்த வருடப் பொங்கலுக்கு முன்பே சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். மாதச் சம்பளக் கணக்கில் ஜனவரி 13-இல் சேர்ந்தால் மார்ச் 31 வரை 19, 28, 31 ஆகச் சரியாக 78. அக்டோபர்–மார்ச் கட்டமும் நிரம்பிவிட்டது. அதாவது இரண்டு கட்டத்தில் நாள் இருக்கிறது, நாள் கணக்கு பாஸ். ‘குறைந்தது இரண்டு வருட வேலை’ என்ற முதல் நிபந்தனைக்குப் பழைய எட்டு வருடத்தைக் காட்டிக் கிளை அலுவலகத்தில் வாதாடவாவது இடம் கிடைத்திருக்கும். ஜனவரி 14-இல் சேர்ந்திருந்தால் 77 நாள், வாதாட ஒன்றுமில்லை. ஏப்ரல் கட்டத்துக்கு இதே மாதிரிக் கடைசித் தேதி ஜூலை 15. இடைவெளி முடிந்து சேருகிறவர்களிடம் இந்த இரண்டு தேதிகளையும் சொல்லி வைக்கிறேன். தை பிறக்கட்டும், ஆடி போகட்டும் என்று தள்ளிப் போடுகிறவர்கள் கவனிக்க.

பழைய எட்டு வருடத்தைக் காட்ட வேண்டுமென்றால் அது ஒரே இன்சூரன்ஸ் நம்பரில் இருக்க வேண்டும். இங்கேதான் பெரிய கோளாறு. அந்த நம்பர் ஆயுசுக்கும் ஒன்றுதான். வேலையில் சேரும்போது பழைய நம்பரைச் சொன்னால் புது கம்பெனி அதையே தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் புது நம்பர் போட்டுவிடுவார்கள், அவர்களுக்கு அதுதான் சுலபம். மூன்று வருடம் கழித்துத் திரும்புகிறவருக்குப் பழைய கார்டு எந்த டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்று தெரிவதில்லை. விளைவு, ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர், இரண்டு பாதி வரலாறு, எதிலும் முழுத் தகுதி இல்லை. பழைய சம்பள ரசீது ஒன்றாவது எடுத்து வையுங்கள், பெரும்பாலும் நம்பர் அதில் இருக்கும்.

சரி, வேலையை விடாமல் லீவில் இருந்தவர்கள் கதை என்ன? அது எவ்வளவோ மேல். சம்பளமில்லா விடுப்பில் இருந்தாலும் உங்கள் பெயர் கம்பெனி பட்டியலில் இருக்கிறது, வேலையில்தான் இருக்கிறீர்கள். நாள் மட்டும் ஏறாது. ஆறேழு மாதம் வீட்டில் இருக்க வேண்டிய நிலை வந்தால், ராஜினாமா கொடுக்காமல் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கம்பெனிக்கு இதில் செலவு ஒன்றும் இல்லை. கேட்டால் கொடுக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு.

பிரசவ விடுப்பில் இருக்கும் பொறியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த 26 வாரமும் பணம் தருவது ஈ.எஸ்.ஐ., கம்பெனி இல்லை. கம்பெனி சம்பளம் தராததால் அந்த நாள்களுக்குப் பங்களிப்பும் இல்லை. 26 வாரம் என்றால் 182 நாள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை எண்ணினால் 183. ஏப்ரல் 2-இல் விடுப்பில் போகிற ஒரு பெண்ணுக்கு அந்த முழு அரையாண்டில் மிஞ்சுவது ஒரே ஒரு நாள். அக்டோபரில் திரும்பி வருகிறார், நவம்பரில் கம்பெனி ஆளைக் குறைக்கிறது. முந்தைய கட்டத்தில் 78 நாள் எங்கே என்று கேட்டால் விதியின் எழுத்துப்படி அவரிடம் இல்லை. பிரசவ உதவி வாங்கிக்கொண்டிருக்கும்போது வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. அது முடிந்து திரும்பிய அடுத்த மாதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஈ.எஸ்.ஐ. ஒரு கையால் கொடுத்த விடுப்பையே இன்னொரு கை இல்லாத நாளாக எண்ணுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. பிரசவ உதவி வாங்கிய நாளையும் பங்களிப்பு நாளாக எண்ணுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்துவிடும் விஷயம் இது.

தகுதி இருந்தாலும் தொகையில் இடைவெளி கை வைக்கும். முந்தைய நான்கு பங்களிப்புக் காலத்துச் சம்பளத்தையும் கூட்டி 730-ஆல் வகுக்கிறார்கள். நீங்கள் எத்தனை நாள் சம்பளம் வாங்கினீர்கள் என்று பார்ப்பதில்லை, எல்லோருக்கும் 730தான். மாதம் 15,000 வாங்கியவர் இரண்டு வருடமும் தொடர்ந்து வந்திருந்தால் மொத்தம் 3,60,000. தினச் சராசரி 493 ரூபாய், அதில் பாதி 246 சொச்சம், 90 நாளுக்கு 22,190 ரூபாய்க்குப் பக்கம். இதே ஆள் நடுவில் ஏழு மாதம் சம்பளமில்லாமல் இருந்திருந்தால் கூட்டுத்தொகை 2,55,000 ஆகிறது. தினத்துக்கு 174 சொச்சம், 90 நாளுக்கு 15,700 ரூபாய். ஆறாயிரத்து ஐந்நூறு குறைந்தது. இரண்டு பேருக்கும் வீட்டு வாடகை ஒன்றுதான்.

அடுத்தது காரணம். வேலை எப்படிப் போனது என்பதில்தான் நான் பார்த்த விண்ணப்பங்களில் நிறைய செத்தன. தானாக விட்டவர், விருப்ப ஓய்வில் போனவர், ஓய்வு வயதை எட்டியவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்தில் இருப்பவர் யாருக்கும் கிடையாது. இதில் நம்மவர்கள் மாட்டுவது முதலாவதில்.

நடப்பது இப்படி. கம்பெனியில் ஆர்டர் இல்லை. மேனேஜர் கூப்பிட்டு, “ஒரு ரிசைன் லெட்டர் எழுதிக் குடுத்துடும்மா, செட்டில்மென்ட் சீக்கிரம் போட்டுடலாம்” என்பார். சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன் என்று இரண்டு வரி. டைப் அடித்து ரெடியாகவே வைத்திருப்பார்கள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அடுத்த மாத ரிட்டர்னில் அந்தப் பெயருக்கு நேரே வேலை நாள் சைபர் என்று போட்டு, ஏன் சைபர் என்பதற்கு ஒரு காரண எண் கொடுக்க வேண்டும். 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 10 என்றால் ஆட்குறைப்பு. 11 என்றால் வேலை இல்லை. 1 என்றால் லீவில் இருக்கிறார். ரிட்டர்ன் போடுகிற பையனுக்கு இதெல்லாம் ஒன்றுதான், பழக்கத்தில் 2 அடித்துவிடுவான். கையில் ராஜினாமாக் கடிதமும் இருந்துவிட்டால் 2 அடித்தது தப்பு என்றும் சொல்ல முடியாது.

இடைவெளி எடுத்துத் திரும்பியவர்களிடம் இந்தக் கடிதம் இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது. “குழந்தை சின்னது, வீட்ல பார்த்துக்க ஆள் இல்லைன்னு எழுதும்மா” என்றால் அது பாதி உண்மை மாதிரியும் இருக்கும், அவரும் எழுதிவிடுவார். எழுதாதீர்கள். வேலை இல்லாததால் நிறுத்தப்பட்டேன் என்பதுதான் நடந்தது என்றால், கடிதமும் அதைத்தான் சொல்ல வேண்டும். செட்டில்மென்ட் தாமதமாகும் என்று மிரட்டினால், வேலை பார்த்த நாளுக்கான சம்பளம் உங்கள் உரிமை, அதற்கு ராஜினாமாக் கடிதம் விலை இல்லை என்று சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

சம்பள உச்சவரம்பு என்று ஒன்றும் இருக்கிறது. 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. அதைத் தாண்டினால் நடப்புப் பங்களிப்புக் காலம் முடிகிறவரை பிடிப்பார்கள், பிறகு வெளியே. சூப்பர்வைசராகி 22,000 வாங்குகிற தம்பி ஒன்றரை வருடம் கழித்து வேலை போய் வந்து நின்றால் அடல் திட்டத்தில் அவருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு மேலே இருக்கும் ஐ.டி. கம்பெனிக்காரருக்கும் ஒன்றுமில்லை. 21,000-க்கு மேல் வாங்குகிறவருக்கு இந்த நாட்டில் வேலையில்லாக் காலக் காப்பீடு என்று அரசு வைத்திருப்பது எதுவும் கிடையாது, அவருடைய பி.எஃப். பணத்தை அவரே எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா என்று பழைய திட்டம் ஒன்று, 2005 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. ஆலை மூடல், சட்டப்படியான ஆட்குறைப்பு, வேலை சம்பந்தமில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு. தொகையும் காலமும் தாராளம்: 24 மாதம், முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் சம்பளம், வைத்தியமும் உண்டு. ஆனால் மூடல் என்று காகிதத்தில் முறையாக மூட வேண்டும். இங்கே கம்பெனிகள் மூடுவதில்லை, பெயர்ப்பலகையை மாற்றுகின்றன. முறையாக மூடிய ஆலையில் இருந்தவர்கள் அடல் திட்டத்துக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

மாநில அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம் தருகிற உதவித்தொகையையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேலை இழந்தவர்களுக்கானது இல்லை, படித்துவிட்டுப் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருப்பவர்களுக்கு. பத்தாவது பாஸ் என்றால் மாதம் 300, பிளஸ் டூ 400, டிகிரி 600 ரூபாய், மூன்று வருடம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது, வயது 40-க்குள், பட்டியல் இனத்தவருக்கு 45. பதிவை விடாமல் புதுப்பித்திருக்க வேண்டும். கம்பெனி வேலைக்குப் போன கையோடு புதுப்பிப்பதை மறந்தவர்களுக்கு இந்தக் கதவும் சாத்தியாயிற்று.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக. ஈ.எஸ்.ஐ. வலைத்தளத்தில் உங்கள் நம்பரில் உள்ளே போனால் ஒவ்வொரு பங்களிப்புக் காலத்துக்கும் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று தெரியும். வேலை போகும்வரை காத்திருக்காமல் வருடத்துக்கு இரண்டு முறை பாருங்கள். நீங்கள் 26 நாள் போய், ரிட்டர்னில் 20 ஏறியிருந்தால் அப்போதே கேட்கலாம், இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். வேலை போய் 30 நாள் ஆனதும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். முன்பு கம்பெனி வழியாகத்தான் அனுப்ப வேண்டும், 20 ரூபாய் முத்திரைத்தாளில் அஃபிடவிட்டும் கேட்டார்கள். 2020 மாற்றத்தில் அந்த இரண்டு தொல்லையும் போயின. விண்ணப்பம் நேராகக் கிளை அலுவலகத்துக்குப் போகும். 15 நாளில் வங்கிக் கணக்கில் பணம் ஏற வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏறாமல் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் பெயர். ஈ.எஸ்.ஐ.யில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், அப்பா பெயர். ஆதாரில் கணவர் பெயர். பாஸ்புக்கில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். நடுவில் கல்யாணமும் குழந்தையும் வந்தவர்களுக்குத்தான் இந்த மூன்றும் மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பிக்கும் முன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டுப் போனால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.